மூன்றில் ஒரு பங்கு யாருக்கு? புதிய குற்றச் சட்டங்களும் வட சென்னைப் பையன்களும்

ஒரு பழைய செல்போன். விலை நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் ஒரு பையன் அதைத் திருடிவிட்டான், பிடிபட்டான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பொருளின் மதிப்பு ஐயாயிரத்துக்குள், முதல் முறை தண்டனை பெறுகிறவன், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் தண்டனை சமூக சேவை. சிறை கிடையாது. ஜாமீன் அவனுக்கு உரிமை.

அதே செல்போன், அதே பையன். கூட இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஸ்டேஷனில் எழுதுகிறவர் 303க்குப் பதிலாக 112 என்று எழுதினால்? அது 'சிறு அமைப்புசார் குற்றம்' ஆகிவிடுகிறது. குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஏழு வருடம். ஜாமீன் உரிமை போச்சு. 'ஒரு குழுவின் அல்லது கும்பலின் உறுப்பினராக இருந்துகொண்டு, தனியாகவோ கூட்டாகவோ' திருட்டு, பறிப்பு, ஏமாற்று, அனுமதியின்றி டிக்கெட் விற்பது, சூதாட்டம், வினாத்தாள் விற்பது, 'இவை போன்ற வேறு குற்றச் செயல்' எதைச் செய்தாலும் 112 பாயும். குழு என்றால் எத்தனை பேர்? சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. 'இவை போன்ற' என்றால் எவை? அதுவும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் மூன்று புதிய குற்றச் சட்டங்களைப் பற்றி மேடைகளில் நாம் நிறையப் பேசிவிட்டோம். பெயர் இந்தியில் இருக்கிறது, மாநிலங்களைக் கேட்கவில்லை, எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் பெருமளவில் இடைநீக்கம் செய்திருந்த நாடாளுமன்றத்தில் 2023 டிசம்பரில் நிறைவேற்றினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வட சென்னையில் எக்மோர், ஜார்ஜ் டவுன் நீதிமன்றப் படிகளில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குப் பெயர் ஒரு பிரச்சினையே இல்லை. பையன் எப்போது வெளியே வருவான் என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஒரு நல்ல விஷயத்திலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் சட்டத்தின் ஆதரவாளர்கள் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு குற்றத்துக்குச் சொல்லப்பட்ட அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரைப் பிணையில் விட வேண்டும் என்றது அது. அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் பாதி வேண்டாம், மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம், இது ஜூலை 1க்கு முன்பு பதிவான வழக்குகளின் கைதிகளுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. நாட்டின் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரத்தின்படி மொத்தக் கைதிகள் 5,73,220. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இப்படி நெரியும் சிறையில் மூன்றில் ஒரு பங்கு என்ற விதி சிறிய விஷயமல்ல. வரவேற்கிறோம்.

ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ பல வழக்குகளோ நிலுவையில் இருந்தால் அவரை இந்தப் பிரிவின் கீழ் பிணையில் விடக்கூடாது. பழைய 436ஏவில் இந்தத் தடை கிடையாது.

வட சென்னையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். இங்கே ஒரு பையனை ஒரு வழக்கில் பிடித்தால் பெரும்பாலும் அது ஒரே வழக்காக நிற்பதில்லை. ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் பழைய பறிப்பு, திருட்டு வழக்குகளில் இரண்டு மூன்றில் அவன் பெயரும் சேரும். வாக்குமூலம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்தால் இன்னொன்றில் பி.டி. வாரண்ட் வரும். ஒரே வழக்காக இருந்தாலும் அதில் ஆபாசமாகத் திட்டியது, கொலை மிரட்டல், ஆயுதம் வைத்திருந்தது என்று நாலைந்து பிரிவுகள் வரிசையாக நிற்கும். 'ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்' என்ற சொற்களை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஒரே முதல் தகவல் அறிக்கையில் இரண்டு பிரிவு இருந்தாலே சலுகை போய்விடும். அப்படியானால் 479 யாருக்கு? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பிரிவில் மாட்டியவருக்கு. அப்படிப்பட்டவர் கையில் பெரும்பாலும் நல்ல வக்கீல் இருப்பார், எப்படியும் வெளியே வந்திருப்பார்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடம். அதையே 112 ஆக எழுதினால் ஏழு வருடம், மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருடம் நாலு மாதம். 111, அதாவது 'அமைப்புசார் குற்றம்' என்று எழுதினால் ஆயுள் தண்டனை வரை போகும். ஆயுளோ மரணமோ சொல்லப்பட்ட குற்றங்களுக்கு 479 பொருந்தவே பொருந்தாது. ஆக, பையன் எவ்வளவு காலம் உள்ளே கிடப்பான் என்பதை அவன் செய்தது மட்டும் முடிவு செய்வதில்லை. ஸ்டேஷனில் எந்த எண்ணை எழுதினார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கையில் எடுத்துக்கொள்வது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே கொடுத்தது நடைமுறைச் சட்டம், எடுத்தது தண்டனைச் சட்டம். இரண்டையும் எழுதியது ஒரே அமைச்சகம்.

இந்தச் சட்டங்கள் வந்து நான்கு நாள் கழித்து, 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். கொருக்குப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கொலைக்கு நியாயம் வேண்டும் என்று தெருவில் நின்றவர்கள் நாம். அதனால்தான் அதற்குப் பின் நடந்ததைப் பற்றிப் பேசும் கடமையும் நமக்கு இருக்கிறது. மூன்று நாளில் மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பேசுவோம் என்ற அறிவிப்பு வந்தது. ஜூலை 14 விடியற்காலையில், அந்த வழக்கில் கைதாகிப் போலீஸ் காவலில் இருந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தலித் தலைவரின் கொலைக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் மூடப்பட்டது. பலர் கைதட்டினார்கள். நம்மிலும் சிலர் தட்டினார்கள், அது வருத்தம்.

அந்த மாதங்களில் குண்டாஸ் மழையாகப் பொழிந்தது. குண்டர் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் புதிதல்ல, தில்லியும் அதைக் கொண்டு வரவில்லை. அது தமிழ்நாட்டின் சொந்தச் சரக்கு. கள்ளச்சாராயத்தில் தொடங்கி குடிசைப் பகுதி நில அபகரிப்பு, திருட்டு வீடியோ, 2014இல் இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று ஒவ்வோர் ஆட்சியிலும் அது விரிந்தது. விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. நாட்டில் தடுப்புக் காவலில் சிறையில் இருப்போரில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்ததாக 2021, 2022 சிறைப் புள்ளிவிவரங்கள் காட்டின. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இந்த முதலிடம் எதற்கு? உயர் நீதிமன்றம் குண்டாஸ் உத்தரவுகளை அடிக்கடி ரத்து செய்கிறது. மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்று காரணம் சொல்கிறது. ஆனால் ரத்தாகி வருவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. காவல்துறைக்குத் தேவையானதே அந்த மாதங்கள்தான்.

இதனால்தான் புதிய சட்டங்களைத் தில்லியின் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது போதாது என்கிறோம். தமிழ்நாடு அரசு 2024 ஜூலையிலேயே ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழு அமைத்து மாநிலத் திருத்தங்களைப் பற்றி ஆராயச் சொன்னது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றவும் செய்தது. எதற்கு? பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதற்கு. பெண்கள் பாதுகாப்பு குறித்து நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மாநிலம் திருத்தலாம் என்று தெரிந்த பிறகு, 112இல் 'குழு' என்றால் என்ன என்று ஒரு வரி எழுதவோ 479இன் இரண்டாம் உட்பிரிவைத் தளர்த்தவோ ஏன் கை வரவில்லை?

இன்னொரு பிரிவு. 15ஆம் பிரிவு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, எங்களைப் பொறுத்தவரை இதுதான் வட சென்னைக்கு மிக ஆபத்தானது.

'110 போடுவது' என்றால் என்னவென்று இங்கே பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். வழக்கமான குற்றவாளி என்று சொல்லி, ஒரு வருடம் நன்னடத்தையோடு இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவது. சென்னையில் இதை வாங்கியது நீதிபதி அல்ல, காவல் துணை ஆணையர். 2013, 2014 அரசாணைகள் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்திருந்தன. பத்திரத்தை மீறினாய் என்று சொல்லி, மீதி நாட்களுக்குச் சிறையில் தள்ளியதும் அதே துணை ஆணையர்தான். பிடித்தவரும் போலீஸ், குற்றம் சாட்டியவரும் போலீஸ், தண்டித்தவரும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு அந்த அரசாணைகளை அரசமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அண்மைக் காலத்தில் வட சென்னை இளைஞர்களுக்குக் கிடைத்த பெரிய தீர்ப்புகளில் ஒன்று அது, ஆனால் நம் இளைஞர்கள் பலருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

ஒன்றரை வருடத்துக்குள் புதிய நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத எந்தக் காவல் அதிகாரியையும் மாநில அரசு சிறப்பு நிர்வாக நடுவராக நியமிக்கலாம் என்கிறது. துணை ஆணையர் அந்த அந்தஸ்துக்காரர்தான். அரசாணையாக இருந்தபோது விழுந்தது, இப்போது நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகக் கதவு மறுபடி திறந்திருக்கிறது. அதிகாரப் பிரிவினை பற்றி அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்கள் அரசமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை, சட்டத்தின் பெயரை மாற்றினால் அவை செத்துவிடாது. மாநில அரசு இந்தப் பிரிவை இந்த வேலைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

'வழக்கமான குற்றவாளி' என்ற சொல் எங்கிருந்து வருகிறது? 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாரிசு அது. பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுத முடியாமல் போனபோது, சென்னை மாகாணம் 1948இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் கொண்டுவந்தது. ஸ்டேஷனில் இருக்கும் சரித்திரப் பதிவேடும் அதே வம்சம். அதில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பது தெருவின் பெயரைப் பார்த்தாலே தெரியும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களின் பெயரை எந்திரகதியாக இந்தப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்பதைக் கவனிக்கும்படி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்து அறை பிரிப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட சிறைகளில் நம் பாளையங்கோட்டையும் ஒன்று. சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது நீதிமன்றம். நாட்டின் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பதிவேட்டில் கட்டத்தை அழித்துவிடலாம். அறையில் இருப்பவர்கள் அப்படியேதான் இருப்பார்கள்.

போலீஸ் காவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு கைதான முதல் பதினைந்து நாளுக்குள்தான் போலீஸ் காவல் கேட்க முடியும். இப்போது 187ஆம் பிரிவின்படி அந்தப் பதினைந்து நாளை வழக்கைப் பொறுத்து நாற்பது அல்லது அறுபது நாளுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். புழலுக்குப் போய்விட்டான், இனி அடி விழாது என்று வீட்டில் மூச்சு விடுவார்கள், அந்த நிம்மதிக்கும் இப்போது இடமில்லை. 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்திலும், ஜூனில் நம் பக்கத்துக் கொடுங்கையூர் காவல் நிலையத்திலும் இளைஞர்கள் செத்துப்போனார்கள். சாத்தான்குளம் 2020. இவை எல்லாம் பழைய சட்டத்தின் கீழ் நடந்தவை. நாட்களை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பின்னால் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பதை மட்டும் காரணம் காட்டி ஜாமீனை மறுக்கக்கூடாது என்று 480ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீன் மனுவில் இந்த வரியை எழுதுங்கள்.

சரி, நீதிமன்றங்கள்? மூன்று வருடத்தில் இறுதித் தீர்ப்பு என்று உள்துறை அமைச்சர் சொன்னார். குற்றச்சாட்டு வனைய அறுபது நாள், வாதம் முடிந்து முப்பது நாளில் தீர்ப்பு, மிஞ்சினால் நாற்பத்தைந்து. தாளில் அழகாக இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட குற்றவியல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது, இன்னும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்த நிலையில் 2024 ஜூலைக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டம், பிந்தையவற்றுக்குப் புதிய சட்டம் என்று ஒரே நடுவர் ஒரே மேசையில் இரண்டு சட்டங்களைப் பல வருடங்கள் ஓட்ட வேண்டும். ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனையுள்ள ஒவ்வொரு வழக்கிலும் தடயவியல் ஆட்கள் வர வேண்டும். ஒவ்வொரு சோதனையும் வீடியோ எடுத்து நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும். ஆய்வகத்தில் ஆள் எங்கே, நீதிமன்றத்தில் அதைப் பாதுகாக்கும் வசதி எங்கே? ஆய்வக அறிக்கை வரவில்லை என்றால் வாய்தா. வாய்தா என்றால் பையன் இன்னொரு பதினைந்து நாள் உள்ளே.

ஆனாலும் அந்த வீடியோ விதியை, அதாவது 105ஆம் பிரிவை, நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாயின் அடியில் பட்டாக்கத்தி, பையில் கஞ்சா என்று எழுதப்படும் ஒவ்வொரு வழக்கிலும் முதல் கேள்வி 'வீடியோ எங்கே?' என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

நீதிமன்ற நெரிசலில் முதலில் நசுங்குவது யாருடைய வழக்கு? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அறுபது நாளில் குற்றப்பத்திரிகை, அதிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். இது எங்கேயாவது நடந்து பார்த்திருக்கிறோமா? இப்போது அதற்கு மேல் ஒரு புதுத் தடை வேறு. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனையுள்ள குற்றம் என்றால் வழக்குப் பதியுமுன் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது 173(3). சாதி சொல்லித் திட்டி அடித்த புகாரோடு போனால், "பதினாலு நாள் பொறு, விசாரிக்கிறோம்" என்று ஸ்டேஷனில் சொல்வதற்கு இது வசதி. அந்தப் பதினாலு நாளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சமாதானம் பேச ஆள் வரும், எதிர்ப்புகார் ஒன்று தயாராகும்.

இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 பாரத் பந்தில் நம் மக்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றது 18ஏ பிரிவு. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அது நேரடியாகச் சொல்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சிறப்புச் சட்டம் பொதுச் சட்டத்துக்கு மேல். யாராவது 173(3) என்று ஆரம்பித்தால் 18ஏ என்று பதில் சொல்லுங்கள். எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. கால்வாய்க் கரையில் மூன்று தலைமுறையாக இருந்தாலும் பட்டா கிடையாது. பாதிக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொரு முகவரி. வரி ரசீதுக்கு எங்கே போவது? வாடகைக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தரும் ஆட்கள் நீதிமன்ற வாசலிலேயே இருக்கிறார்கள், விலையும் இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே பயன்படுத்துங்கள். ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கட்ட முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து பரிசீலிக்கலாம்.

சட்டக் கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை. சனிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது அவரவர் தெருவில் புழலில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்து வாருங்கள். என்ன பிரிவு, எந்தத் தேதியில் ரிமாண்ட், வேறு வழக்கு உண்டா, ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கிறார்களா என்று நாலு கட்டம் போதும். 112 போட்ட வழக்குகளைத் தனியாக எழுதுங்கள். அதோடு, சிறைத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள்: 2024 ஜூலை 1 முதல் 479ஆம் பிரிவின் கீழ் புழல் சிறைக் கண்காணிப்பாளர் எத்தனை பேருக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார்? எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? பல வழக்குகள் உள்ளன என்ற காரணத்தால் எத்தனை பேர் விடப்படவில்லை? பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.